கத்தி தீட்டும் சம்பந்திகள்

“கத்தி இன்னும் மழுங்கலாத்தான் இருக்கு சம்பந்தி. நீங்க தீட்டுற லட்சணம் அப்படி,” என்றார் கார்டு.

“நீங்க பிடிச்சிருக்கிற லட்சணம் அப்படி,” என்றார் கம்பவுண்டர். இருவர் கையிலும் ஆளுக்கொரு கத்தி இருந்தது.

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த மகள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். பின்பக்கக் கொட்டகையில் இருந்த இருவரில் கார்டு அவளைப் பெற்றவர், ரயிலில் கொடி காட்டியே ஓய்வு பெற்றவர். கம்பவுண்டர் அவள் மாமனார்.

கத்திகள் ஒரு பழைய சுழல் கலப்பையைச் சேர்ந்தவை. மகளுக்கும் அவள் கணவனுக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போனவர் ஒரு குட்டி டிராக்டரையும், அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் இந்தக் கலப்பையையும் கொட்டகையிலேயே விட்டுப் போயிருந்தார். டிராக்டர் ஓடியது. கலப்பை துருவேறி ஒரே கட்டியாகக் கிடந்தது.

மழைக்கு முன்னால் தோட்டத்தைக் கிளறிக் காய்கறி போட வேண்டும், வந்து இதைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்று மகள் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவள் கணவனும் தன் அப்பாவுக்குப் போன் செய்தான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாததுதான் வினை. இரண்டு அப்பாக்களும் பெட்டியோடு ஒரே நாளில் வாசலில் வந்து இறங்கினார்கள்.

கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோவில் கார்டுக்குப் பாதித் தலைதான் இருக்கும். மீதியை மறைத்தது கம்பவுண்டரின் தோள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவருமே மனைவியை இழந்து தனியாக இருப்பவர்கள் என்பதால் சமாதானம் செய்துவைக்கவும் ஆளில்லை.

கலப்பைதான் அவர்களைப் பேச வைத்தது, சண்டை போடவாவது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார்கள், இறுகிய நட்டுகளைச் சூடு காட்டிக் கழற்றினார்கள். கம்பவுண்டர் கியர் ஆயிலை இருமல் மருந்து மாதிரி அளந்து ஊற்றினார். கார்டு டிராக்டரைக் கிளப்பும்போதெல்லாம் முன்னும் பின்னும் பார்த்துக் கை காட்டினார். காலையில் காபி குடித்த கையோடு ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை இருவருக்கும் வாய் ஓயாது.

“வேலை முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுடறேன்பா. இங்க உங்களுக்கும் வசதி பத்தல,” என்றாள் மகள், சாப்பாடு பரிமாறிக்கொண்டே.

இருவரும் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். கம்பவுண்டர் மறுசோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கலப்பைக்குக் கேடு பிடித்தது. டிராக்டரில் மாட்டி ஓட்டினால் செயின் கழன்று விழுந்தது. அதைச் சரிசெய்தால் ஆயில் மொத்தமும் ஒழுகியது. அதையும் சரிசெய்தால் கத்தியைப் பிடித்திருந்த போல்ட் போன இடம் தெரியவில்லை.

“மாட்டினது யாரு?” என்று கேட்டார் கார்டு.

“மாட்டினதைச் சரிபார்த்தது யாரு?” என்று கேட்டார் கம்பவுண்டர்.

கணவன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டு மகளைத் தனியே அழைத்தார். “தேஞ்சோ உடைஞ்சோ போனதுன்னு எதுவும் இல்லம்மா. எல்லாம் ஸ்பானர் போட்டுக் கழட்டினது. வீட்டுல யாருக்கோ இது ஓடுறதுல இஷ்டம் இல்லை.”

மகளுக்கு உடனே தோன்றியது இதுதான். ஒருவர் மூக்கை உடைக்க இன்னொருவர் வேலையைக் கெடுக்கிறார். கணவனிடம் சொன்னபோது, ‘உங்க அப்பாதான்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவனும் எதையோ விழுங்கியது தெரிந்தது.

“சீக்கிரம் அனுப்பிடலாம். இன்னும் போனா இது நமக்குள்ள வந்துடும்,” என்றான் அவன்.

மெக்கானிக் எல்லாவற்றையும் முடுக்கிக் கொடுத்தார். “சாயந்திரமே ஓட்டலாம்,” என்றார்.

“அப்ப நாளைக்கே டிக்கெட் போட்டுடலாம்,” என்றாள் மகள், இரண்டு அப்பாக்களும் கேட்கும்படி. நல்லதாகப் போயிற்று என்றார் கார்டு. ரொம்ப நல்லது என்றார் கம்பவுண்டர்.

மதியம் சாப்பிட்டு வீடு ஓய்ந்ததும் மகள் கொட்டகைக்குப் போனாள். கதவிடுக்கில் பார்த்தாள். கம்பவுண்டர் கலப்பையின் முன்னால் மண்டியிட்டிருந்தார். கையில் ஸ்பானர் இருந்தது. செயின் மூடியை நிதானமாகத் திறந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. ‘என்ன மாமா இது’ என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தோட்டத்துப் பக்கக் கதவு வழியாக அவள் அப்பா உள்ளே வந்துவிட்டார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட கம்பவுண்டர் எழுந்திருக்கக்கூட இல்லை. மகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள். இனி இந்த இரண்டு பேரும் ஒரே வாசலில் ஏற மாட்டார்கள், நடுவில் நாங்கள்தான் கிழிபடுவோம் என்று நினைத்தாள்.

கார்டு தான் வந்த கதவு வழியே வெளியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“செயின் லாக்கை நான் அப்பவே எடுத்துட்டேன் சம்பந்தி, நீங்க பெல்ட்டைக் கழட்டுங்க.”