கட்டைக்குள் ஒரு குருவி

"பேரு ருடி. வயசு இருபத்தேழு. சொந்த ஊரு ஜெர்மனி. இப்போ இந்தப் பட்டறை மாடியிலதான் தங்கியிருக்கேன், சார்."

"யோவ் ஆர்லோ, பேரை மட்டும்தான்யா கேட்டேன். பையன் போலீஸ்காரன்கிட்ட சொல்ற மாதிரி ஒப்பிக்கிறான்!" என்றார் லைல்.

"யார் கேட்டாலும் அப்படித்தான். அமெரிக்காவை விட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம்," என்று சிரித்தார் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஆர்லோ. "ஆனா துப்பாக்கிக்குப் பின்கட்டை செதுக்குறதுல இந்தப் பென்சில்வேனியா முழுக்க இவனுக்கு ஈடு கிடையாது. பரம்பரைத் தொழில். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. செய்யுற ஒவ்வொரு கட்டையிலயும், தோள்ல பதியுற அடித்தகட்டுக்கு உள்ளே, யாருக்கும் தெரியாம ஒரு குருவியைச் செதுக்கி வெச்சிடுவான். எப்பவும் இடப்பக்கம் பாக்குற குருவி. எதுக்குடான்னு கேட்டா, அப்பா சொல்லிக்கொடுத்த கையெழுத்தாம்!"

லைல் சிரிக்கவில்லை. கையிலிருந்த போர்வைச் சுருளை மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு பழைய ஜெர்மன் பட்டாளத் துப்பாக்கி.

"இதை மான் வேட்டைத் துப்பாக்கியா மாத்தணும். போல்ட்டும், அது ஓடுற இரும்புக் கூடும் மட்டும் இருக்கட்டும். குழல், கட்டை எல்லாம் புதுசு. முத்திரை, நம்பர் எல்லாத்தையும் ராவி எடுத்துடு. பழசு எதுவும் என் கண்ணுல படக்கூடாது."

"சண்டை முடிஞ்சு வந்ததுல இருந்து பத்து வருஷமா உன் கட்டிலுக்கு அடியில கிடந்த சாமானாச்சே! இப்போ என்னய்யா திடீர்னு?"

"ஒண்ணு ஆத்துல போடு, இல்லேன்னா உருப்படியா ஏதாவது பண்ணுன்னுட்டா வீட்டுக்காரி. ஆத்துல போட மனசு வரல."

ருடி துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்தான். கை பழக்கத்தில் அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றியது. உள்ளே பார்த்தான். பிறகு தகட்டைத் திரும்ப வைத்து மெதுவாக முடுக்கினான்.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சது, சார்?"

"டேய், அதெல்லாம் கேக்கக் கூடாதுடா," என்று ஆர்லோ அதட்டினார்.

"கேக்கட்டும், விடு." லைல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாப்பத்தஞ்சாம் வருஷம் ஏப்ரல், ஜெர்மனியில. ஆத்தங்கரையில ஒரு மாவு மில்லு. சுவருக்குப் பின்னாடி இருந்து ஒரு பையன் எந்திரிச்சான். சின்னப் பையன். தலையில ஹெல்மெட்டு பெருசு, பாதி மூஞ்சியே தெரியல. சுட்டுட்டேன். ஆத்துல விழுந்தான். துப்பாக்கி மட்டும் கரையில கிடந்துச்சு."

அவர் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சரண்டர் ஆக, கையைத் தூக்கத்தான் எந்திரிச்சானோ என்னவோ. தெரியல. அதுதான்யா தெரியல. அதுக்கப்புறம் ஒரு மானைக்கூட என்னால சுட முடியல. குறி வெச்சா அவன் எந்திரிக்கிறான்."

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. அதை இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"சார், அந்த அடித்தகட்டைக் கழட்டிப் பாருங்க," என்றான் ருடி. "உள்ளே ஒரு குருவி இருக்கும்."

லைல் கழற்றினார். நகம் அளவுக்கு ஒரு குருவி. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பையன் நான்தான், சார். குண்டு என் மேல படல. பயத்துல துப்பாக்கியைப் போட்டுட்டு ஆத்துல குதிச்சேன். அப்படியே நீந்திப் போய்ப் பாலத்துக்கிட்ட கரையேறிட்டேன்."

"கையை... கையைத் தூக்கினியா?"

"இல்ல சார். ஓடத்தான் எந்திரிச்சேன்."

லைல் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கியது.

"ஏப்ரல் மாசத் தண்ணியாச்சேடா! வெறைச்சுப் போயிருப்பியே!"

"ஆமா சார். பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது."

அழுதுகொண்டே சிரித்தார் லைல். "மான் சீசன் முதல் நாள் நீயும் என்கூடக் காட்டுக்கு வர்ற. ராத்திரி எங்க வீட்லதான் சாப்பாடு. என் வீட்டுக்காரி செய்யுற ஆப்பிள் பையைச் சாப்பிட்டா இந்த ஊரை விட்டே போக மாட்ட. என்ன முழிக்கிற? அளவெடு!"

கட்டையின் நீளத்துக்கு முழங்கை மடிப்பிலிருந்து விசை அழுத்தும் விரல்வரை அளக்க வேண்டும். ருடி நாடாவை வைத்தான். விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் நாடா நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடியும் நழுவியது.

"ஏன்டா நடுங்குற? அதான் என் குண்டு உன் மேல படவே இல்லையே!" என்று அவன் முதுகில் தட்டினார் லைல்.

அவர் விசிலடித்தபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் விசிலடித்து ஆர்லோ கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

ஆர்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ருடி, உன் குருவி இடப்பக்கம்தானே பாக்கும்? இது வலப்பக்கம் பாக்குதே?"

ருடி அளவு நாடாவைச் சுருட்டினான். பிரித்தான். திரும்பவும் சுருட்டினான்.

"இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் எங்க அண்ணன் எர்வினுக்குன்னு அப்பா பிரிச்சுக் கொடுத்தாரு. பட்டாளத்துல கொடுத்த துப்பாக்கியிலயும் அவன் தன் குருவியைச் செதுக்கியிருக்கான். சண்டையில பிடிபட்ட கைதிங்க ரஷ்யாவுல இருந்து வர்ற ரயிலுக்கெல்லாம் ஊர்ல அம்மா இன்னும் அவன் போட்டோவைத் தூக்கிட்டுப் போய் நிக்கிறாங்க... லைல் சார்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."