ஒரு ஜோடி ஷூவின் எடை

எந்தப் பொருளும் பக்கத்தில் இருப்பதைத் துளியாவது தன் பக்கம் இழுக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இயற்பியல் ஆசிரியர் ராஜபாண்டி அந்தக் கருவியைச் செய்தார். கே.கே. நகர் வீட்டின் பின்னறையில் பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, அதற்குள் மெல்லிய கம்பியில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டார். வெளியே வைக்கும் பொருளின் பக்கம் குச்சி திரும்பினால், அதில் ஒட்டிய சிறு கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும் சிவப்பு லேசர் புள்ளி நகரும்.

இருபது கிலோ படிக்கல்லை வைத்தார். புள்ளி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தது. புள்ளி நகர்ந்த தூரத்தை வைத்துப் போட்ட எடைக் கணக்கு அரிசி மூட்டைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் அச்சாக வந்தது.

மகள் பாண்டிமீனாவின் ஸ்கூல் ஷூவுக்குத்தான் வரவில்லை. சமையலறைத் தராசில் அது அரைக் கிலோகூட இல்லை. கருவி முப்பத்திரண்டு கிலோ என்றது. காய்ச்சலில் அவள் இறந்த அன்று காலை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த அவள் எடையும் முப்பத்திரண்டுதான்.

அவர் அதை மனைவி தமிழ்வாணியிடம் மட்டும் சொன்னார். கருவியைப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை.

மறு வருடம் ஜூனில், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஷூவை மறுபடி வைத்துப் பார்த்தார்.

"எம்புட்டுங்க காட்டுது?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

"முப்பத்தாறு. மூணு தடவை பாத்துட்டேன் வாணி."

அவள் ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கடையில் செய்வதுபோல, அதன் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அப்ப இது அவளுக்குப் பத்தாதுங்க. நடந்தா கடிக்கும்," என்றாள். "வண்டிய எடுங்க."