அலகுக்குள் விரல்

கிளியின் அலகுக்குள் பிள்ளையின் விரல் இருந்தது.

சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகள் நழுவிக் காலடியில் விழுந்தன.

பச்சைக்கிளி என்றால் ஒரு விரட்டு விரட்டியிருப்பாள். இது பஞ்சவர்ணக் கிளி. வாலோடு சேர்த்தால் பிள்ளையின் இடுப்புயரம் வரும். சுத்தியலுக்கு மசியாத கொட்டையை ஒரே கடியில் பிளந்துவிட்டு, அதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோல் பார்க்கும். அந்தப் பவிசுக்காகவே வீட்டில் அதற்குத் துரை என்று பெயர்.

ஏழு வயதுப் பிள்ளை கூண்டருகே மண்டியிட்டிருந்தாள். சுட்டுவிரல் கம்பிகளுக்கு நடுவே போய், வளைந்த கறுப்பு அலகில் அகப்பட்டிருந்தது. அவள் அழவில்லை. துரையைப் பார்க்கவும் இல்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயத்தில் அழக்கூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அசையாதம்மா. கையை மட்டும் இழுத்துடாத."

கத்தினால் துரை மிரளும். மிரண்டால் கடிக்கும். பிள்ளையின் அப்பா வேலையிலிருந்து வர நேரமாகும். வந்தாலும் பயனில்லை, அவரைக் கண்டாலே துரைக்கு ஆகாது.

பெறாத பிள்ளையின் விரலைப் பறிகொடுத்தவள் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அது பென்சில் பிடிக்கிற விரல்.

ஒரு முந்திரியை நீட்டிப் பார்த்தாள். துரை சட்டை செய்யவில்லை. சாவிக்கொத்தைக் குலுக்கினாள். ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டது.

அந்த அலகைத் திறக்கவைக்கும் விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளையைப் பெற்றவளுடையது.

அவள் இறந்த பிறகு துரை தீனியைத் தொடாமல், தன் இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய போனைத் துழாவியதில் ஒரு வீடியோ கிடைத்தது. அதில் பெற்றவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்து இழுத்துப் பேசினாள். துரை இறக்கை விரித்து ஆடியது. அந்தக் குரலையும் இழுப்பையும் கடைசியில் வரும் சின்னச் சிரிப்பையும் சித்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். துரை மறுபடி தின்னத் தொடங்கியது.

ஆனால் பிள்ளை விளையாடப் போன பிறகு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் சித்தி அப்படிப் பேசுவாள். சித்தி வந்த நாள் முதல் கேட்டதற்குப் பதில் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவள். அவள் காதுபட அவள் அம்மாவின் குரலை எடுத்தால், அது திருட்டு.

அலகு இறுகுவதுபோல் தெரிந்தது.

சித்தி கீழே கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"தொரை எங்கே... எங்க தொரை எங்கே... தொரை ஆபீசுக்குப் போயிட்டாரா?"

ஒரு சத்தமும் இல்லை. துண்டுக்குள் அவள் மூச்சே அவள் முகத்தைச் சுட்டது.

சிரிப்பை விட்டுவிட்டோம் என்று உறைத்தது. சிரித்தாள்.

"வந்துட்டேன்!" என்று அலறியது துரை. இறக்கைகள் கம்பிகளில் படபடவென்று மோதின.

துண்டை உதறிப் பாய்ந்து, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். விரலைப் பிரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ரத்தமில்லை. கன்றிப்போகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கடா கண்ணு" என்றாள். "உங்கம்மா மாதிரி பேசிட்டேன்."

பிள்ளை மடியிலிருந்து இறங்கினாள். நிதானமாகக் கூண்டருகே போய் உட்கார்ந்து, அதே விரலைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். பழகிய வேலைபோல் துரை அதை மெதுவாகக் கவ்விக்கொண்டது.

சித்தி பதறி எழுந்தாள்.

பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பேசுங்க சித்தி. கதவுக்கு வெளியில நின்னா சரியாவே கேக்க மாட்டேங்குது."