காலிப் பெட்டி

வேப்பந்தட்டை மலையடிவாரத்தில் கண்ணையனின் கொல்லை வீட்டுக்கு மின்கம்பி வரவில்லை. அதனால் அவர் உடலைச் சோலார் பேட்டரியில் ஓடும் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். துபாயிலிருந்து மகள் வினோதினி சாயங்காலம் வர வேண்டும்.

உடல் குளிர்ந்ததும் பெட்டியைக் குளிரவைக்கும் கம்ப்ரசரின் வேகம் குறைய வேண்டும். குறையவே இல்லை.

"உள்ள சூடா ஏதோ இருந்தாதாங்க இப்படி ஓடும்," என்றான் பெட்டி கொண்டுவந்த அறிவழகன். "பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

திறந்து தொட்டார்கள். நெஞ்சு பனிக்கட்டியாக இருந்தது.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டாரு," என்றாள் மனைவி பச்சையம்மாள்.

மகளுக்காகக் காத்திராமல் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது காலிப் பெட்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறிவழகன் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை.

காரிலிருந்து இறங்கி ஓடிவந்த வினோதினி கண்ணாடி மூடியில் கை வைத்தாள்.

"வந்துட்டேம்ப்பா."

கம்ப்ரசர் மெல்ல வேகம் குறைந்து நின்றது.