கடைசி சர்வீஸ்

“என்ன தங்கச்சி, போன மாசம்தானே சரி பண்ணிட்டுப் போன? மறுபடியும் படுத்துக்கிச்சு பாரு!”

தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கடைத்தெருவில் அவளுக்குக் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று பெயர். டாக்டர் என்ன செய்வாள்? நோயாளி அப்படி.

“அண்ணே, இது படுத்துக்கலை, எப்பவோ செத்துப்போச்சு. நான்தான் மாசா மாசம் எழுப்பி உக்கார வைக்கிறேன். இந்த சிஸ்டத்தைப் போட்ட கம்பெனியே, இனிமே இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு கைகழுவி அஞ்சு வருஷம் ஆகுது.”

“அவங்க கைகழுவினா என்ன? அதான் நீ இருக்கியே!”

நான்கு வருடமாக இதே பதில்தான்.

கடையைப் பார்த்தால் கண் கூசும். சுவர் முழுக்க கண்ணாடி அலமாரி, விதவிதமான ஃபிரேம், ஏசி, பளபளவென்று தரை. மூலையில் இந்தக் கம்ப்யூட்டர் மட்டும் மஞ்சள் பூத்துப்போய் கர்ரென்று இரைந்துகொண்டிருக்கும். வைரஸ் வந்து தொலைக்கக் கூடாது என்று இன்டர்நெட் ஒயரை எப்போதோ பிடுங்கிப் போட்டிருந்தாள். மூவாயிரம் பேருடைய கண் பவர் அதற்குள்தான் கிடந்தது. அது நின்றால் கடை நின்றுவிடும்.

“வர்றவங்களை எல்லாம், ‘பழைய கண்ணாடியையே போட்டுக்கிட்டிருந்தா கண்ணு கெட்டுடும், மாத்துங்க’ன்னு மிரட்டுறீங்க. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?”

“கண்ணு வேற, கம்ப்யூட்டர் வேற. நீ வேலையைப் பாரு.”

சரியான கஞ்சப் பிசினாரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டியைக் கழற்றினாள். தூசியைத் துடைத்து, தளர்ந்த ஒயர்களை அழுத்திச் செருகினாள். கை வேலை செய்தாலும் மனசு அதில் இல்லை. இன்றைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

என்னதான் கஞ்சன் என்றாலும் நன்றியை மறக்க முடியுமா? நான்கு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, உறவுக்காரர்கள் நீட்டிய பணக் கவரைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவருடைய ரிப்பேர் பையை மாட்டிக்கொண்டு இந்தத் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும், “சொல்லி அனுப்புறோம்மா” என்றார்கள். இவர் ஒருவர்தான், “உள்ள வா தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரு” என்றார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் படிப்பை விடாமல் இருப்பது அதனால்தான்.

அப்படிப்பட்டவரை இந்த ஓட்டைக் கம்ப்யூட்டரோடு அம்போவென்று விட்டுவிட்டுப் போவதா?

திரை ஒளிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“அண்ணே, திங்கக்கிழமையில இருந்து என்னால வர முடியாது. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் எல்லாம் பாத்துக்கிற வேலை கிடைச்சிருக்கு.”

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

“நிரந்தர வேலையா?”

“ஆமாண்ணே.”

“லெட்டர் கைக்கு வந்துடுச்சா? காட்டு.”

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. இதை இனிமே எவனும் தொடக்கூட மாட்டான். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், புதுசு ஒண்ணு வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து எல்லாத்தையும் அதுக்கு மாத்திக் கொடுத்துட்டுப் போறேன். ஒரு பைசா வேண்டாம்.”

அவர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏய், இங்க வா! நம்ம தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு!”

பின்னாலிருந்த அறையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நல்லா இரும்மா, நல்லா இரு” என்றார். பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்தார். “அப்புறம் என்ன? போய் எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கும் அலமாரியில இடம் கிடைக்கும்.”

அவர் உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மூச்சுவாங்கத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. ஒட்டியிருந்த டேப்பைக்கூட யாரும் கிழித்திருக்கவில்லை.

உள்ளே இருப்பது புதுக் கம்ப்யூட்டர் என்று பெட்டியின் படமே சொன்னது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பில்லை ஊதிவிட்டுத் தேதியைப் படித்தாள்.

“அண்ணே! இது நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது!”

“அது... அப்ப ஏதோ வேலை... பிரிக்க நேரமே கிடைக்கலை...” அவர் ஃபிரேம்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டார்.

“நேரமாவது, மண்ணாவது!” என்றார் மனைவி. “இது கடைக்கு வந்த மறுநாள் காலையிலதான் நீ பையை மாட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்ன. வேலை இருக்கான்னு கேட்ட. நீ நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள பெட்டியை அப்படியே உள்ள தள்ளி ஒளிச்சிட்டார்.”

கஞ்சப் பிசினாரி என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்! இத்தனை வருடமும் ஒரு கும்பிடுகூடப் போட்டதில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீரில் அவர் முகம் கலங்கித் தெரிந்தது.

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?”

அவர் இன்னும் திரும்பவில்லை.

“சும்மா கொடுத்தா நீ வாங்க மாட்ட. புதுசைப் பிரிச்சா உனக்கு இங்க வேலை இல்லை. வேற எனக்கு என்ன தெரியும் தங்கச்சி?”