எண்பத்து நான்காம் பக்கம்

"டாக்டர், இதுல உங்க கையெழுத்து வேணும்" என்று தையல்கார அம்மா புத்தகத்தை மேசைமேல் வைத்ததும் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வைரஸ் பற்றி ஒன்று, பரிணாமம் பற்றி ஒன்று, மாயாஜால சாகசக் கதை ஒன்று என மூன்று புத்தகங்கள் எழுதியும், கையெழுத்து கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"அட, வைரஸ் புத்தகம்! எந்தப் பக்கத்துல போடட்டும்மா?"

"எண்பத்து நாலுல."

அவருக்கே மிகவும் பிடித்த பக்கம் அது. "ஆன்டிபயாடிக் போய் பாக்டீரியாவோட சுவரை உடைக்கும்மா. வைரஸுக்குத்தான் அந்தச் சுவரே கிடையாதே, எதைப் போய் உடைக்கும்?" என்று விளக்கிக்கொண்டே வளைத்து நெளித்துக் கையெழுத்திட்டார்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சாகசக் கதையின் அடுத்த பாகத்தை எழுதும் அவசரத்தில், நேற்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

"என் பொண்ணுக்கு வைரஸ் சளின்னு சொன்னதும் நீங்கதான், அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினதும் நீங்கதான். கையெழுத்துகூட ஒண்ணாத்தான் இருக்கு. நான் இன்னும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கல. இந்தச் சீட்டு உங்க மூணு புத்தகத்துல எதுல சேர்த்தி டாக்டர்?"

டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"மாயாஜாலக் கதையிலம்மா."