சேறு படாத காற்சட்டை

அம்மாவின் கையில் இன்றைக்கும் ஒரு தேங்காய்.

பார்த்ததும் லக்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டம் முடிந்து நேரே கோயிலுக்குத்தான் காரை விடவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றபோதே தெரிந்திருக்க வேண்டும்.

கோயில் என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது. சுவிஸில், ஊஸ்டர் நகருக்கு வெளியே, கார் டயர் மாற்றும் கடைக்குப் பக்கத்து மண்டபம். விளையாட்டு உடுப்போடு உள்ளே போக முடியாது என்பதால் அவள் வாசலில், சிதறு தேங்காய் அடிக்கும் கல்லடியில் நின்றாள். கல்லின் மூன்று பக்கமும் பலகை அடித்திருந்தார்கள். சில்லுகள் பறந்து கடைக்கு வந்த கார்களில் பட்டு, முறைப்பாடு வந்த பிறகு செய்த ஏற்பாடு அது.

குனிந்து தன் காற்சட்டையைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? காலையிலிருந்து மழை, மைதானம் முழுக்கச் சேறு. அணியில் மற்ற எல்லோரும் சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி வெளியே வந்தார்கள். அவள் மட்டும் கலியாண வீட்டுக்குப் போய் வந்தவள்போல் வந்தாள். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரிக்கு வேலை ஒன்றுதான். அந்த முட்டை வடிவப் பந்து எங்கே விழுகிறதோ அங்கே தானும் போய் விழுந்து, அள்ளி, முன்னுக்கு உதைக்க வேண்டும். காற்சட்டையில் சேறு இல்லை என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

சொந்தக்காரர்கள் இது ரக்பியோ என்று கேட்பார்கள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு விளக்குவாள். இப்போது ஓம், ரக்பிதான் என்று சொல்லிவிடுகிறாள்.

எல்லாம் போன இலையுதிர் காலத்தில் தொடங்கியது. பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவளை எதிரணிக்காரிகள் இரண்டு பேர் வந்து இடித்ததில், விழுந்து தலை அடிபட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்து, எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி என்று டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில், கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அணிக்காரிகள் அதை இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டொக்டர்கள் ஒரு குறையும் இல்லை, விளையாடலாம் என்றார்கள். ஆனால் பந்துதான் அவளைக் கைவிட்டுவிட்டது. கைக்கு வந்தது நழுவியது. அவள் வலப்பக்கம் ஓடினால் அது இடப்பக்கம் துள்ளியது.

அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. உள்ளுக்குள் பயம் இருக்கிறது என்றார் பயிற்சியாளர். யோகா செய்து பார், உங்கள் ஊர்ச் சாமான்தானே என்றாள் அணியில் ஒரு சுவிஸ்காரி. பொறுமையாக இரு என்றார்கள் மற்றவர்கள். நாள் முழுக்க நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுத்து, பொறுமை பொறுமை என்று சொல்கிற வேலை அவளுடையது. அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது குமட்டியது.

இன்றைக்குப் பயிற்சியாளர் தனியாகக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துத்தான் சுவிஸ் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அன்றைக்கும் இப்படித்தான் என்றால், அவளுக்காகப் பேச அவரிடம் ஒன்றும் இல்லை.

அறிவுரை சொல்லாத ஒரே ஆள் அம்மாதான். ஆட்டம் தவறாமல் வந்து, குடையோடு எல்லைக்கோட்டில் நின்று, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். தனக்காக வேண்டிக்கொள்ள இந்த உலகத்தில் ஒரு சீவனாவது இருக்கிறதே என்று லக்சாயினிக்கு அதில் ஓர் ஆறுதல். காரில் வரும்போதுகூட அம்மா அவளுடைய காற்சட்டையைப் பார்த்து, இன்றைக்குத் தோய்க்க ஒன்றும் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். தேற்றத்தான் சொல்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். தேங்காயை ஓங்கினார்.

அதற்குமேல் லக்சாயினியால் பொறுக்க முடியவில்லை. கையை நீட்டி, ஓங்கிய கையிலிருந்து தேங்காயைப் பறித்தாள். வழுக்கவில்லை. இந்த வருடம் அவள் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது இந்தத் தேங்காய் ஒன்றுதான் என்று நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது.

"ஏனம்மா சும்மா உடைக்கிறீங்கள்? பிள்ளையார் எனக்கு ஒண்டும் தரேல்லை."

"நான் கேட்டதைத் தந்தவர். அதுக்குத்தான் உடைக்கிறன்."

என்ன கேட்டீர்கள் என்றாள்.

பந்து அவளிடம் வரக்கூடாது என்று கேட்டாராம். பந்து வைத்திருக்கிறவளைத்தானே எல்லோரும் வந்து இடிக்கிறார்கள். விளையாடாதே என்று மகளுக்குச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் பிள்ளையாரோடு தனியாகக் கதைத்து ஒழுங்கு செய்துவிட்டார். அவள் சேறு படாமல் வரும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தேங்காய்.

லக்சாயினிக்குக் குளிரிலும் மழையிலும் தனியாக நின்று பந்தை உதைத்து உதைத்துப் பழகியதெல்லாம் நினைவுக்கு வந்தது. உங்களிடம் யார் கேட்டது, என் விளையாட்டில் கைவைக்க நீங்கள் யார் என்று கத்தியேவிட்டாள். டயர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா கோபிக்கவில்லை. முந்தானையால் ஈரக் கையைத் துடைத்தார்.

"அண்டைக்கும் இதைத்தான் கேட்டனி. விழுந்து கிடந்து, என்ரை முகத்தைப் பாத்து, நீங்கள் ஆரெண்டு டொச்சிலை கேட்டனி. முன்பின் தெரியாத ஆளிட்டைக் கேக்கிற மாதிரி, மரியாதையாத்தான் கேட்டனி."

அதை இதுவரை ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். மழை மறுபடியும் தூறத் தொடங்கியது.

"அம்மா" என்று மட்டும் சொல்லி, லக்சாயினி தேங்காயைத் திருப்பிக் கொடுத்தாள்.